கட்டபொம்மனுக்கு 10 நிமிடம்தான்!

டூர் பஸ்சில் போகிறவர்கள் கவனிக்க

கயத்தாறு வந்தால் டூர் பஸ் வேகம் குறையும். டிரைவர் ஓரம் கட்டுவார். விசில் சத்தம் கேட்கும்.

"எறங்குங்க, எறங்குங்க! கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடம். பத்து நிமிஷம்தான். லேட்டானா மத்தியானச் சாப்பாடும் லேட்டு!"

சாப்பாடு என்றதும் பாதிப் பேர் இறங்க மாட்டார்கள். மீதிப் பேர் சிலை முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மறுபடியும் விசில். பஸ் பறந்துவிடும்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம். மதுரையில் மீனாட்சி அம்மன். இரண்டுக்கும் நடுவே, நெல்லைக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் நெடுஞ்சாலை ஓரமாக இருப்பதுதான் கயத்தாறு செய்த குற்றம்!

ஏன் டூர்?

கும்பலாகப் போகும் சுற்றுலாவைக் குறை சொல்லிவிட முடியாது. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், வயதானவர்கள், நாலு நாள் லீவு மட்டுமே கிடைக்கும் குமாஸ்தாக்கள்... இவர்களுக்கு வேறு வழி ஏது?

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கப்பட்டது. அரசாங்கமே பஸ் விட்டு ஊர் காட்டுகிறது. 2022 ஜூன் மாதம் கோவையில் இருந்து சீரடிக்கு, தனியார் நடத்தும் சுற்றுலா ரெயிலே கிளம்பியது.

ஆனால் ஒன்று. பணத்தைக் கட்டும்போது நம் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்த மாதிரிதான். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை விசில் வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். அவர் சொல்வதே சரித்திரம்!

புளியமரம் எங்கே?

"தம்பி, இதுதான் அந்தப் புளியமரமா?" என்று ஒரு பாட்டி கேட்பார்.

"ஆமாம்மா, ஆமாம். ஏறுங்க, நேரமாச்சு!"

பாட்டியும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார். அந்தப் புளியமரம் இன்று இல்லை!

இருப்பது சிலையும், அரசு கட்டிய மணிமண்டபமும். 1959-ல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தில் நடித்த சிவாஜி கணேசன், இங்கே தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். சிலைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கதையைக்கூடச் சொல்ல 10 நிமிடத்தில் இடம் இல்லை.

பிடித்துக் கொடுத்தது யார்?

"எட்டப்பன் காட்டிக்கொடுத்தான், வெள்ளைக்காரன் தூக்குல போட்டான்." பஸ்சில் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். பிடித்து ஒப்படைத்ததும் புதுக்கோட்டைதான்.

கயத்தாறில் மேஜர் பானர்மேன் விசாரணை நடத்தினான். மற்ற பாளையக்காரர்களையும் வரவழைத்து வைத்திருந்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தீர்ப்பு சொன்னான். 1799 அக்டோபர் 16-ந்தேதி, அன்றைக்கே தூக்கு! அது ஒருவனுக்குத் தண்டனை, மற்றவர்களுக்கு எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்த தம்பி ஊமைத்துரை 1801-ல் தப்பினான். இடிந்து கிடந்த பஞ்சாலங்குறிச்சியில் மறுபடி கோட்டை எழுப்பிப் போரிட்டான். அதே ஆண்டில் அவனும் தூக்கு மேடை ஏறினான். 10 நிமிடத்தில் பஸ் ஏறியவர்களுக்கு இந்தப் பாதி தெரியாமலே போய்விடுகிறது.

அந்தக் கோட்டையும் இப்போது இல்லை. இன்று பஞ்சாலங்குறிச்சியில் காட்டப்படும் கோட்டை, 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுச் சின்னம்.

இன்னொன்று. "எட்டப்பன் ஊர்" என்று திட்டு வாங்கும் எட்டயபுரத்தில்தான் 1882 டிசம்பர் 11-ந்தேதி பாரதியார் பிறந்தார். அவர் பிறந்த வீடும், 1947-ல் திறந்த மணிமண்டபமும் அங்கே இருக்கின்றன. காட்டிக்கொடுத்த கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

முத்து வாங்கலாமா?

தூத்துக்குடி போனால் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "முத்து எங்கே கெடைக்கும்?"

முத்து நகர் என்ற பெயர் உண்மை. பாண்டியர் காலத்துக் கொற்கை முதல் முத்துக் குளித்த கடல் இது. ஆனால் இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதன் பிறகு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் 1973-ல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது ஆராய்ச்சி. ஆகவே "இப்பத்தான் கடல்லேருந்து எடுத்தது" என்று யாராவது சொன்னால் பர்சைத் திறக்கும் முன் யோசியுங்கள்!

ஒரு பகல் போதும்

காலையில் கயத்தாறு. பிறகு எட்டயபுரம். மத்தியானம் பஞ்சாலங்குறிச்சி. சாயங்காலம் தூத்துக்குடி பனிமய மாதா கோவிலும் கடல் காற்றும். ஒரு பகலில் முடிகிற சுற்றுதான் இது.

ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும்? ஊர் விவரம் தெரிந்த வழிகாட்டி கூட வருவாரா, அல்லது தலை எண்ணுகிற மானேஜர் மட்டும்தானா?

பஸ்சில் ஏறிய பிறகும் வழி இருக்கிறது. ஒருவர் கேட்டால் விசில்காரர் முறைப்பார். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் காத்திருப்பார். பஸ் அரை மணி நின்றால் கயத்தாறு டீக்கடைக்காரருக்கும் நாலு காசு வியாபாரம்.

"சோறு எங்கேயும் திங்கலாம் தம்பி. இந்த எடத்துக்கு இனிமே எப்ப வரப்போறோம்? விவரமாச் சொல்லுங்க, கேப்போம்."

பாட்டி இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும். விசில் தானாகப் பைக்குள் போய்விடும்!