அரூப ஓவியமும் அதன் அக்கிரிலிக் படியும்

உருவ ஓவியமொன்றின் அச்சுப்படியைச் சுவரில் தொங்கவிடுவோர்க்குப் பெரும் இடர்ப்பாடு எதுவுமில்லை. படி சிறிதாயினும் முகம் முகமாகவே தோன்றும். மரம் மரமாகவே நிற்கும். இரண்டாம் உலகப் போரின் பின் நியூயோர்க் நகரிற் சிறப்புற்ற அரூப வெளிப்பாட்டிய ஓவியங்களின் நிலை அத்தகையதன்று. இனங்காணத்தக்க பொருள் அவற்றுட் பலவற்றில் இல்லை. அளவும், வண்ணத்தின் மேற்பரப்பும், அதன்மேல் விழும் ஒளியுமே அங்கு ஓவியமாகின்றன. அச்சில் முதற்கண் இழக்கப்படுவனவும் இவையே.

ஜக்சன் பொலொக் 1950ஆம் ஆண்டில் ஆக்கிய 'ஒன்று: இலக்கம் 31' என்னும் ஓவியம் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் உள்ளது. அதன் அகலம் ஏறத்தாழ 5.3 மீற்றர், உயரம் 2.7 மீற்றர். துணியை நிலத்தில் விரித்து, சுற்றி நடந்து, வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் அவர் ஆக்கியது அது. அதனை இரண்டடி அகலத்துக்குச் சுருக்கின் ஒன்பதிலொரு பங்கே எஞ்சும். உடலின் வீச்சாக இருந்தது நூற்சிக்கலாகிவிடும்.

மார்க் றொத்கோ தம் ஓவியங்கள் தொங்கும் இடத்தைப் பற்றி மிக்க கவலையுடையவர். 1958இல் நியூயோர்க் உணவுச்சாலையொன்றுக்கென ஏற்றுக்கொண்ட ஓவியத் தொடரை, அவ்விடம் ஒவ்வாதெனக் கண்டு, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தாமே வைத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்பது பின்னர் இலண்டன் ரேற் கலைக்கூடத்தைச் சேர்ந்தன. மங்கிய ஒளியில், அண்மையில் நின்று நோக்குதலையே அவர் விரும்பினார்.

அக்கிரிலிக் படியோ பளபளப்பாலேயே விலைபோவது. ஒளிபுகும் தகட்டின் பின்புறம் படத்தை அச்சிட்டோ, அச்சிட்ட தாளை ஒட்டியோ அதனைச் செய்வர். நிறம் ஆழமாகத் தோன்றும், உண்மையே. ஆயின் எதிரேயுள்ள சாளரமும் மின்விளக்கும் அதனுட் புகுந்துவிடும். றொத்கோவின் அமைதியான நிறங்களுக்கு இதனினும் பெரிய பகை வேறில்லை. ஆதலின் ஒளிதெறியாத மேற்பரப்புடைய தகட்டைக் கேட்டு வாங்குதலும், சாளரத்துக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தலும் வேண்டும். சுவரின் அளவுக்கேற்ப ஓரங்களை வெட்டிய படியை விலக்குக. தகடு எளிதிற் கீறுபடும். மதுசாரம் கலந்த துப்புரவு நீர் அதனை வெடிக்கச் செய்யும். மென்துணியும் நீரும் போதும்.

பேரோவியத்தின் சிறுபடியை வாங்குவதினும், இயல்பிலேயே சிறிய ஓவியத்தை அதன் மெய்யளவில் வாங்குதல் சாலச் சிறந்தது. 1968இல் நோயுற்ற றொத்கோ, மருத்துவர் அறிவுரைப்படி பெரிய துணிகளைக் குறைத்து, தாளிற் பல ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுட் பல ஒரு மீற்றர் உயரமளவினவே. வீட்டுச் சுவரொன்று அவற்றைச் சுருக்காமல் ஏற்கும்.