பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்பும்

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாவிக்குள் இருக்கும் பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோனாலும் கதவைத் திறக்கலாம், எஞ்சினையும் கிளப்பலாம். இது தெரியாமல்தான் கல்யாண மண்டப வாசலில் ராத்திரி பதினொரு மணிக்கு டோயிங் வண்டிக்கு போன் போடுகிறார்கள். சின்னதாக ஒரு செல்லை மாற்றினால் தீர வேண்டிய விஷயம், "சாவியே போச்சு சார், புதுசுதான் போடணும்" என்ற பேச்சில் மாட்டிப் பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிவதும் உண்டு.

உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உண்மையில் மூன்று சாவிகள் இருக்கின்றன. முதலாவது ரேடியோ. லாக், அன்லாக் பட்டனை அழுத்தினால் ஒரு ரகசிய எண் அலையாகக் கிளம்பிக் காருக்குப் போகிறது. அந்த அலை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 315. அந்த ரகசிய எண் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுப் போனதை ஒருவன் பதிவுசெய்து வைத்து இன்று திருப்பி அனுப்பினால் கார் அதைச் சட்டை செய்யாது. கைப்பிடியைத் தொட்டாலே திறந்துகொள்ளும் ஸ்மார்ட் கீயில் பேச்சை ஆரம்பிப்பது கார்தான். 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு அலையை அனுப்பி "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கும். அந்த அலை ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. பாக்கெட்டில் இருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து ரேடியோவில் பதில் சொல்லும். இத்தனைக்கும் பேட்டரி வேண்டும்.

இரண்டாவது சாவி இம்மொபிலைசர் சிப். இதற்குப் பேட்டரி தேவையே இல்லை. காருக்குள் ஸ்டார்ட் பட்டனை ஒட்டி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதன் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். மெட்ரோ ரயில் கார்டு கேட்டைத் திறப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் ஒட்டி வைத்தால்தான் நடக்கும். மூன்றாவது, பழைய பாணி உலோகச் சாவி. ஸ்மார்ட் கீயின் விளிம்பில் இருக்கும் சிறு தாழை நகர்த்தி இழுத்தால் வெளியே வரும். சில கார்களில் டிரைவர் பக்கக் கைப்பிடியில் சாவித்துளை கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

ஆக, செல் தீர்ந்துபோய் நடுவழியில் நின்றால் உலோகச் சாவியால் கதவைத் திறங்கள். அலாரம் ஊளையிடலாம், பதற வேண்டாம். கார் சாவியை அடையாளம் கண்டு ஆன் ஆனதும் பொதுவாக அடங்கிவிடும். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் வண்டியானால் கிளச்சையும் மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடியுங்கள். ஹூண்டாய் கார்களில் சாவியாலேயே பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். டொயோட்டாவில் சின்னம் பொறித்த பக்கத்தைப் பட்டனில் தொடவிட்டு, சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டும். இன்னும் சில வண்டிகளில் நடுக் கன்சோலிலோ கப் ஹோல்டர் அடியிலோ சாவிக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்து வைப்பது நல்லது, ஏனென்றால் கையேடு இருப்பது பூட்டிய காருக்குள். ஓடிக்கொண்டிருக்கும்போது செல் தீர்ந்தாலும் எஞ்சின் நிற்காது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆளில்லாத இடத்தில் வண்டியை அணைக்காமல் வீடு வரை ஓட்டிவந்துவிடலாம்.

பழுது எங்கே?

செல்தான் காரணம் என்றால் அது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். தெருமுனையிலிருந்து திறந்த கார், பத்தடிக்குள் வந்தால்தான் திறக்கும். பிறகு இரண்டு மூன்று தரம் அழுத்த வேண்டியிருக்கும். இந்த லித்தியம் செல்கள் ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று சரிகிற ரகம். அதனால் அறிகுறி தெரிந்த பிறகு தள்ளிப்போட அதிக நாள் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் மக்கர் செய்து வெயில் ஏறியதும் சரியாகிற சாவியும் இதே கதைதான். குளிரில் செல்லின் உள்தடை கூடும். மல்டிமீட்டர் 2.9 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். சும்மா இருக்கும்போது அப்படிக் காட்டுகிற செல், ரேடியோ மின்சாரம் இழுக்கும் கணத்தில் படுத்துவிடும்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றவை செய்கின்றன என்றால் செல்லை மாற்றிப் பயனில்லை. அந்தப் பட்டனுக்குக் கீழே உள்ள சின்ன சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது அதன் பற்றவைப்பு விட்டிருக்கும். மொபைல் போன் பழுது பார்க்கும் கடையில் கைதேர்ந்தவர் இருந்தால் அதை மாற்றிக் கொடுத்துவிடுவார்.

மிகச் சிறந்த சோதனைக் கருவி, வீட்டு அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவி. அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே ஒரே நாளில் செத்துப்போக வாய்ப்பு குறைவு. அப்படி நடந்தால் காரைச் சந்தேகியுங்கள். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பெரிய 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் சாவி எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. உலோகச் சாவியால் திறந்து, உள்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

காரும் சாவியும் நன்றாக இருந்து, இடம் சரியில்லாமல் போவதும் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்டை ஒட்டிய நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுக்கக் கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தும் தொந்தரவு ஓயவில்லை. கடைசியில் பிடிபட்டது ஒரு வீட்டுக்குள் இருந்த சிறு கருவி. மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தனக்குத் தெரியட்டும் என்று அந்த வீட்டுக்காரர் சொந்தமாகச் செய்து வைத்தது. பேட்டரியில் ஓடிய அது 315 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் அலை பரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நம் ஊரில் கார் கையேடுகள் எச்சரிக்கும் இடங்கள் டிவி டவர், ரேடியோ நிலையம், மின்நிலையம், விமான நிலையம். ஓரிடத்தில் மட்டும் சாவி மறுத்தால், கதவருகே போய் அழுத்திப் பாருங்கள். சாவியையும் போனையும் ஒரே பாக்கெட்டில் போட்டு வைப்பதும் சில நேரம் இதே வேலையைச் செய்யும்.

போன் கேமராவைப் பார்த்து ரிமோட்டை அழுத்தினால் வெளிச்சம் தெரிகிறதா என்று சோதிக்கச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. அது டிவி ரிமோட்டுக்குச் சரி. அதில் அகச்சிவப்பு விளக்கு உண்டு. கார் சாவி பேசுவது ரேடியோவில். கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மாற்றும் வேலை

முதலில் எண். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032. அதன் பொருள் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் 2025 அதே அகலம், தடிமன் மட்டும் 2.5. இரண்டும் 3 வோல்ட்தான் என்பதால் "இது போதும், அடியில் காகிதம் மடித்து வைத்துக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். மேசை மேல் வேலை செய்யும். பாக்கெட்டில் குலுங்கினால் தொடர்பு விடும். உள்ளே என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கள். எல்ஐஆர் என்று தொடங்கினால் அது ரீசார்ஜ் செய்யும் வகை, மின்னழுத்தம் கூடுதல், சாவிக்கு ஆகாது. அட்டையில் அடைத்து, தேதி அச்சிட்டு வருகிற பெயர் தெரிந்த நிறுவனத்தின் செல்லை வாங்குவது மேல். வாட்ச் கடையிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

உலோகச் சாவியை இழுத்து எடுத்த இடத்தில் கூட்டைப் பிளக்க ஒரு வெட்டு இருக்கும். தட்டையான ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி, அதில் வைத்து மெல்லத் திருகினால் கூடு இரண்டாகும். கத்தி வேண்டாம், வழுக்கினால் கையைக் கிழிக்கும். திறந்ததும் முதல் வேலை போனில் ஒரு படம் எடுப்பது. செல்லின் எந்தப் பக்கம் மேலே என்பது வண்டிக்கு வண்டி மாறும், பிறகு நினைவிலிருந்து சொல்ல முடியாது. எண்ணும் கூட்டல் குறியும் பொறித்த அகன்ற பக்கம்தான் பாசிட்டிவ். பழைய செல்லைப் பல்குச்சி மாதிரி உலோகமில்லாத எதையாவது கொண்டு நெம்புங்கள். செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டை வளைத்துவிட்டால் அப்புறம் எத்தனை புது செல் போட்டாலும் தகராறுதான். புதிய செல்லின் முகத்தில் விரல் எண்ணெய் படிந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வைத்து, "டக்" என்ற சத்தம் வரும்வரை கூட்டை அழுத்தி மூடுங்கள்.

செல்லை எடுத்தால் சாவி காரை மறந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான சாவிகளில் அந்த ரகசிய எண்கள் மின்சாரம் இல்லாமலே நினைவில் நிற்கும். செல் மாற்றியதற்கு "புரோகிராமிங்" என்று யாராவது தனியாகக் கட்டணம் கேட்டால், ஏன் என்று கேட்கலாம். மழையிலோ துவைக்கும் இயந்திரத்திலோ நனைந்த சாவி வேறு விஷயம். அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்காமல் உடனே செல்லைக் கழற்றி, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை நன்றாக உலரவிட வேண்டும்.

சாவியை எங்கே மாட்டி வைக்கிறோம் என்பதற்கும் செல்லின் ஆயுளுக்கும் தொடர்புண்டு. போர்டிகோவை ஒட்டிய சுவரின் ஆணியில் தொங்கினால், சில கார்கள் விடாமல் கேள்வி கேட்க, சாவியும் விடாமல் பதில் சொல்லி ஓய்ந்துபோகும். திருடர்களுக்கும் அந்த இடம் வசதி. வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் நடுவில் அலையைக் கடத்தும் கருவிகளை வைத்தாலே கதவு திறந்துவிடும் என்பதைச் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் செய்துகாட்டினார்கள். மூடியுள்ள தகர டப்பா ஓரளவு காப்பு. சாவியை அதற்குள் மூடி எடுத்துக்கொண்டு காரருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பா உதவாது.

கழற்றிய பழைய செல்லை மேசை மேல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. காருக்குப் போதாத அந்த மின்சாரம் ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் பொசுக்கப் போதும். 20 மில்லிமீட்டர் செல் அங்கே சிக்கிக்கொண்டால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரத்தன்மை உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். இரண்டு முகங்களையும் டேப்பால் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். காசு விழுங்கியதற்குச் செய்வது போல வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பதோ, வாந்தி எடுக்கவைப்பதோ கூடாது. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். செல் வந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண்ணை டாக்டர் கேட்பார்.