பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி: சட்டம் சொல்வது என்ன?

காய் பிடித்த நிலக்கடலையிலோ, கிழங்கு இறங்கிய மரவள்ளியிலோ காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்துவிட்டால் அந்த வயலில் மிஞ்சுவது சொற்பமே. மலையடிவாரக் கிராமங்களில் உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசி முடித்ததும் விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி, "துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?" என்பதுதான். நான் பயிர்ப் பாதுகாப்புக்காரனே தவிர வழக்கறிஞன் அல்லன். ஆயினும் இந்த அளவுக்கு விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

உரிமம் பெற்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஒரு சட்டம். விலங்கைச் சுடுவது வேறொரு சட்டம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே குழல் வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வகை செய்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் தோட்டா போடும் துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் காவல் நிலைய அறிக்கை பெற்று முடிவு செய்வார். மருத்துவச் சான்றும், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவைப்படும். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சிறு விவசாயிகள் இதை நினைவில் வைப்பது நல்லது. மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்போருக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு இல்லாமல் புதிய உரிமம் கிடைக்காது.

உரிமம் கிடைத்துவிட்டது என்று பன்றியைச் சுட்டுவிட முடியாது. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. அது பயிரை அழிக்கிறது என்றால், சுடுவதற்கு வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி தனியாக வேண்டும். மயிலும் யானையும் பயிரைத் தின்கின்றன என்பதற்காக அவற்றைச் சுட அனுமதி தரச் சட்டத்தில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் தொல்லை தரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பும் வனத்துறையினருடையதே. அவுட்டுக்காய் வைப்பதும் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றங்கள். பக்கத்து வயல்காரரும் அந்த வேலியில் மாட்டிக்கொள்ளலாம்.

என்னை அதிகம் கவலைப்படச் செய்வது பரணில் கிடக்கும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கிதான். "மருந்தே இல்லை, துருப்பிடித்துக் கிடக்கிறது" என்பார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமதாரர் இறந்துவிட்டாலோ, 5 ஆண்டு உரிமம் காலாவதியாகிவிட்டாலோ, துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் பெயருக்கு வேண்டுமானால் அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு ஏக்கர்காரருக்கு இத்தனை அலைச்சல் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. காட்டு விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. சேதம் கண்ட அன்றே புகைப்படம் எடுத்து, சிட்டா, அடங்கல் நகல்களுடன் வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பார்வையிட ஆள் வரும் வரை வயலை உழுதுவிடாதீர்கள்.