காட்டு வழியில் காலியாகக் கிடக்கும் மலைச்சாலைகள்: மிதிவண்டியில் ஏறும் முன் தெரிய வேண்டியவை

கோலாலம்பூர்: 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், விடியும் முன் நகரச் சாலையில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த 8 சிறுவர்கள் கார் மோதி உயிரிழந்தனர். பிள்ளைகள் மிதிவண்டி ஓட்ட இந்த நாட்டில் பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அப்போது பல வீடுகளில் எழுந்தது. பட்டணத்துச் சாலைகளில் லோரியும் மோட்டார் சைக்கிளும் நெருக்குகின்றன. நெடுஞ்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதியே இல்லை.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள், காட்டையும் மலையையும் ஊடுருவிப் போகும் தார்ச்சாலைகள் சில, வாகன நெரிசல் இல்லாமல் கிடக்கின்றன. வார இறுதிக் காலைகளில் மிதிவண்டியோட்டிகள் தேடிப் போவது இவற்றைத்தான். இவை ஏன் காலியாக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்பதும் புரிந்துவிடும்.

நெடுஞ்சாலை வந்தது, பழைய சாலை ஓய்ந்தது

கோம்பாக்கிலிருந்து பெந்தோங்குக்குப் போகும் பழைய சாலை நல்ல எடுத்துக்காட்டு. கூட்டரசு சாலை 68 என்று எண்ணிடப்பட்ட இந்தச் சாலைதான் ஒரு காலத்தில் கோலாலம்பூரைக் கிழக்குக் கரையோடு இணைத்தது. பேருந்து, மரலோரி, காய்கறி லோரி எல்லாம் இதன் வளைவுகளில் ஊர்ந்து ஏறின. 1970களின் இறுதியில் காராக் நெடுஞ்சாலையும் கெந்திங் செம்பா சுரங்கப் பாதையும் வந்ததும் வாகனங்கள் அங்கே மாறிக்கொண்டன. பழைய சாலை பூர்வகுடிக் கிராமங்களுக்கும், ஜண்டா பாய்க் போன்ற சிற்றூர்களுக்கும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் உலு கோம்பாக் கள ஆய்வு மையத்திற்கும் போகிறவர்களின் சாலையாகச் சுருங்கியது.

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையின் கதையும் ஏறக்குறைய அதேதான். கூட்டரசு சாலை 55 ஆன இது, மத்திய மலைத்தொடரைக் கடந்து சிலாங்கூரிலிருந்து பகாங்கின் ரவூப் பக்கம் போக அமைந்த பழைய வழி. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். இன்று பகாங்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காராக் நெடுஞ்சாலையையே பிடிக்கின்றனர்.

மூன்றாவது, உலு லங்காட் பத்து 18லிருந்து கெந்திங் பெரேஸ் வழியாக நெகிரி செம்பிலானின் கோல கிளாவாங்கில் இறங்கும் சாலை. மிதிவண்டியோட்டிகள் இதைச் சுருக்கமாகப் ‘பெரேஸ்’ என்பார்கள். இது இரண்டு மாநிலங்களின் எல்லையைக் காட்டுக்குள் கடக்கிறது.

பிரிட்டிஷ் காலத்தில் மலாயாவின் சாலைகளையும் தண்டவாளங்களையும் போட்டுப் பராமரித்த தொழிலாளர்களில் தமிழர்கள் பெரும் பங்கினர். தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்களின் வண்டியும் மிதிவண்டிதான். அந்த வகையில் சாலையும் வண்டியும் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல. பொழுதுபோக்காக மலையேறுவதுதான் பலருக்குப் புதிது.

ஏற்றம் ஏன் தாங்கக்கூடியதாக இருக்கிறது?

மலைச்சாலை என்றதும் பலர் பயப்படுவது ஏற்றத்தைக் கண்டு. ஏற்றத்தை விழுக்காட்டில் கணக்கிடுவார்கள். 100 மீட்டர் தூரம் போவதற்குள் 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காட்டு ஏற்றம். பழைய சாலைகள் மாட்டுவண்டிக்கும் வலுக்குறைந்த தொடக்ககால மோட்டார் வண்டிக்கும் ஏற்றபடி, மலையின் வளைவையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஒட்டி வெட்டப்பட்டவை. அதனால் வளைவுகள் அதிகம், செங்குத்து குறைவு. கோலகுபு பாருவிலிருந்து ‘கேப்’ எனப்படும் மலைக் கணவாய் வரையிலான 30 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் பெரும்பகுதி, சிறிய கியரில் நிதானமாக மிதித்தால் ஏறக்கூடியதே. சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டுப் பகுதி மட்டும் விதிவிலக்கு. அணைக்காகச் சாலை மேலே மாற்றிப் போடப்பட்டதால், தொடக்கத்திலேயே கால் கனக்கும்.

கேப்பிலிருந்து பிரேசர் மலைக்கு இன்னும் 8 கிலோமீட்டர். அந்தப் பழைய பாதை ஒரு வண்டி போகும் அகலமே உடையது. பல ஆண்டுகளாக அங்கே தடுப்புக்கதவு வைத்து, ஒரு மணி நேரம் ஏறும் வண்டி, மறு மணி நேரம் இறங்கும் வண்டி என்று முறைவைத்து விட்டார்கள். பின்னர் இன்னொரு சாலை போடப்பட்டதும், ஏற ஒன்று, இறங்க ஒன்று என ஆனது. எதிரே வண்டி வராத மலைப்பாதை என்பது மிதிவண்டிக்குப் பெரிய வரம். ஆனால் மண்சரிவால் ஒரு சாலை மூடப்படும்போது பழைய முறை திரும்பிவிடும். போகும் முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

காலிச் சாலையின் மறுபக்கம்

நெடுஞ்சாலை வாகனங்களை இழுத்துக்கொண்டதால்தான் இந்தச் சாலைகள் காலியாயின. ஆகவே நெடுஞ்சாலை அடைபட்டால் இவை நிரம்பிவிடும். பெருநாள் காலங்களில் காராக் நெடுஞ்சாலை நெரியும்போது, பொறுமை இழந்த ஓட்டுநர்கள் பழைய பெந்தோங் சாலைக்குத் திரும்புவார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் அவர்கள், குறுகிய வளைவுக்கு அப்பால் மிதிவண்டி இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறைத் தொடக்கம் ஆகிய நாள்களில் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

கெந்திங் பெரேஸ் சாலையில் கார்கள் குறைவு. ஆனால் அதன் வளைவுகளை விரும்பி வேக மோட்டார் சைக்கிள்களும் வருகின்றன. அங்கே இடது ஓரத்தை விட்டு விலகாமல், ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும்.

ஆள் நடமாட்டம் இல்லை என்றால் உதவியும் பக்கத்தில் இல்லை. கடை அரிது. பல இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. 999ஐ அழைக்கவே சில கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம். ஆகவே தனியாகப் போகக்கூடாது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாற்று டியூப், காற்றடிக்கும் சிறு பம்ப், காயத்திற்குக் கட்டுத்துணி, இரண்டு போத்தல் தண்ணீர் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

மழையும் மண்ணும்

2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை, பத்தாங் காலி – கெந்திங் சாலையோர முகாம் தளத்தில் ஏற்பட்ட மண்சரிவில் 31 பேர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு டிசம்பரில் உலு லங்காட் வட்டாரமே வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. இந்த மலைத்தொடரின் சாலைகள் வெட்டிய சரிவுகளுக்குக் கீழேதான் போகின்றன. நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறிய மண், மழை விட்ட பிறகும் சரியலாம். சாலையில் புதுமண் சிந்திக் கிடந்தாலோ, சரிவிலிருந்து சேற்றுநீர் வடிந்தாலோ, மரம் சாய்ந்து நின்றாலோ, அங்கே நின்று படம் எடுக்காமல் திரும்பிவிட வேண்டும். தடுப்பு போட்டு மூடிய சாலையில் ‘சைக்கிள்தானே’ என்று நுழைவது உயிரோடு விளையாடுவது.

பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது இன்னும் கூடும். காலை 7 மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிடுவது பாதுகாப்பு. ஏற்றத்தில் புதியவர்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலே பெரிது. 30 கிலோமீட்டர் ஏறவே 3 மணி நேரம் பிடிக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் 10 மணிக்குப் புறப்பட்டவர்கள் மழையில்தான் இறங்க வேண்டிவரும்.

இறக்கத்தில்தான் கவனம்

ஏறும்போது களைப்புதான் வரும். விபத்து பெரும்பாலும் காத்திருப்பது இறங்கும்போது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் நிற்கத் தெரிந்தவர், 50 கிலோமீட்டரிலும் அப்படியே நின்றுவிடலாம் என்று நினைக்கக்கூடாது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் அழுத்தாமல், நுழையும் முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வெயில் படாத வளைவுகளில் பாசியும் ஈர இலையும் வழுக்கும். குரங்குகள் திடீரெனக் குறுக்கே ஓடும். தலைக்கவசத்தையும், பகலிலும் எரியும் பின்விளக்கையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

தோட்டப் பாதைகள்

மலைச்சாலை தூரம் என்பவர்களுக்குச் செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதைகள் இருக்கின்றன. அங்கே கார் இல்லை. ஆனால் அவை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. காவல் சாவடியில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே நுழைய வேண்டும். குலை ஏற்றும் லோரியும் டிராக்டரும் ஓடும் வேலை நேரத்தைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் பிரேக்கும் கியரும் பழகிக்கொள்ள, மலைக்குப் போகும் முன் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

விலையுயர்ந்த வண்டி எதற்கும் கட்டாயம் இல்லை. இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், டயர் தேயாத, சிறிய கியர் உள்ள வண்டி போதும். வானிலையும் நாளும் பார்த்துப் போகிறவர்களுக்கு இந்தச் சாலைகள் நல்ல காலைப்பொழுதைத் தரும். வானம் கறுத்திருந்தால் அடுத்த வாரம் போகலாம். சாலை அங்கேயேதான் இருக்கும்.