பொறிகளுக்கு வேலை பகிர்தல்: தேடுமுறைகள்

ஓர் அச்சகத்தில் ஒத்த விசையுடைய பொறிகள் இரண்டு உள்ளன எனக் கொள்வோம். ஐந்து வேலைகள் காத்திருக்கின்றன. இரண்டிற்கு மும்மூன்று மணி நேரமும், ஏனைய மூன்றிற்கு இரண்டிரண்டு மணி நேரமும் வேண்டும். தொடங்கிய பொறியே அவ்வேலையை முடித்தல் வேண்டும். எல்லா வேலைகளும் முடிய எத்துணை நேரம் ஆகும்?

எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்துவிடலாமே என்பர் சிலர். ஐந்து வேலைகளுக்கு வழிகள் 16 தாம். வேலைகள் 50 ஆயின், அவற்றைத் தனித்தனியே கொண்டு எண்ணும்பொழுது, வழிகள் 562 இலட்சம் கோடியைக் கடந்துவிடும்! இக்கணக்கை எந்நிலையிலும் விரைந்து முடிக்கும் முறையை இன்றுவரை எவரும் கண்டாரில்லர்.

அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்டு கிரகாம் 1966-இல் ஓர் உண்மையை நிறுவினார். வேலைகளை எவ்வரிசையில் வைத்தாலும், ஓய்ந்த பொறிக்கு அடுத்த வேலையைக் கொடுத்துக்கொண்டே சென்றால், ஆகும் நேரம் மிகச் சிறந்த நேரத்தைப் போல் இருமடங்கை எட்டாது என்பதே அது. நெடிய வேலைகளை முதலில் கொடுத்தால் இன்னும் நன்று என 1969-இல் காட்டினார். இரு பொறிகளாயின், அப்போது பிழை ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது.

நம் அச்சகத்தில் அவ்வாறே கொடுத்துப் பார்ப்போம். முதற்பொறிக்கு 3, 2, 2. மற்றதற்கு 3, 2. முடிய 7 மணி ஆகிறது. ஆனால் 3, 3 ஒருபுறமும், 2, 2, 2 மறுபுறமும் வைத்தால் 6 மணியே போதும். கிரகாம் குறித்த பிழையின் உச்சம் இங்கேயே நேர்ந்துவிட்டது.

இனித் தேடுமுறைக்கு வருவோம். கையிலுள்ள பகிர்வைச் சிறிது மாற்றி, நலமாயின் ஏற்பது இதன் வழி. ஒரு வேலையை மட்டும் இடம் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால், 7 மணியிலிருந்து எப்பக்கம் நகர்ந்தாலும் குறைவதில்லை. தேடல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இரு வேலைகளைத் தம்முள் மாற்றலாம் என்றால், முதற்பொறியின் 3-ஐயும் மற்றதன் 2-ஐயும் மாற்றிய அளவில் 6 கிட்டிவிடும். எதனை ‘அண்டை’ எனக் கொள்கிறோம் என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியுள்ளது என்பது என் கருத்து. ஆசிரியர்கள் கரும்பலகையில் இதனைச் செய்துகாட்டலாம். மாணவர் உடனே பிடித்துக்கொள்வர்.

மற்றொரு வழியும் உண்டு. கொல்லன் உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதைப் போன்று, தொடக்கத்தில் தீய மாற்றங்களையும் ஓரளவு ஏற்று, பின்னர் கண்டிப்பை மிகுத்துச் செல்வது அது. கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகிய மூவரும் 1983-இல் இதனை வெளியிட்டனர். நம் கணக்கில் முதற்பொறியின் 3-ஐ நகர்த்தினால் நேரம் 8 ஆக உயரும். அடுத்து ஒரு 2-ஐ இப்புறம் கொணர்ந்தால் 6! ஏறி இறங்கியதால் வழி திறந்தது. பிரெட் குளோவர் 1986-இல் பெயரிட்ட விலக்குத் தேடல், அண்மையில் செய்த மாற்றங்களைச் சில காலம் தடுத்து வைத்து, வந்த வழியே திரும்பாமற் காக்கிறது.

எங்கே நிறுத்துவது? மொத்த வேலை 12 மணி, பொறிகள் இரண்டு. ஆதலின் 6-க்கும் கீழே செல்ல இயலாது. 6 கிட்டியவுடன் தேடலை முடித்துவிடலாம். அவ்வெல்லை எட்டாதபோது, தேடுவதற்கென ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் கையிலுள்ள நல்ல பகிர்வைக் கொண்டு பொறிகளை ஓட்டத் தொடங்கிவிடுவதே வழக்கம்.