குழந்தையை ஓராண்டு தாமதித்துப் பள்ளியிற் சேர்க்கலாமா?

ஆனி, ஆடியில் மகவு பெற்ற நம் உறுப்பினர்கள் பலருக்கு எழும் ஐயம் இது. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பிற் சேர்க்கலாம். முந்திய ஆகஸ்டில் ஐந்து நிறைந்த குழந்தையும் அதே வகுப்பில்தான் அமரும். ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு நமக்குச் சிறிது. அவ்வயதினர்க்கோ வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, இளைய குழந்தை எழுத்தில் பின்தங்கின் மந்தம் என்று முத்திரையிடுதல் தகாது. மேல் வகுப்புகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடும்.

தாமதிக்க விரும்புவோர், அவ்வோராண்டு எங்கே கழியும் என்பதை முதலில் எண்ணுதல் வேண்டும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்படி, அங்கன்வாடியில் ஆறு வயது வரை முன்பருவக் கல்வியும் உணவும் உண்டு. அங்கே கதை கேட்டும் ஆடிப் பாடியும் கழியுமாயின் கேடில்லை; 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. தறியடியில் தார் சுற்றியும் தம்பியைத் தூக்கியும் கழிவதாயின், வயது நிறைந்தவுடன் சேர்த்துவிடுவதே நன்று. ஒருமுறை தார் சுற்றப் பழகிய கையை மீட்பது எளிதன்று என்பதை நெசவாளர் அறிவர்.

தன் தேவையைச் சொல்லவும் தாயைப் பிரிந்து அரைநாள் இருக்கவும் குழந்தை பழகிற்றா என்று பார்க்க. ஐயம் தீராதோர் பள்ளி திறக்குமுன் ஆசிரியரிடம் குழந்தையை அழைத்துச் சென்று கலந்து பேசுக.