சிகரத்திலும் பேறுகால அறையிலும் உறையும் உதிரம்

நெய்யூர் மருத்துவமனையை அறியாதவர் பழைய தென் திருவிதாங்கூரிலும் இருந்ததில்லை, இன்றைய குமரி மாவட்டத்திலும் இல்லை. ஆதலால் 1838-இல் அது தோன்றிய வரலாற்றை விட்டுவிட்டு, 1923-இல் அங்கே வந்து சேர்ந்து, வயிற்றுப் புண்ணுக்கு ரணசிகிச்சை செய்வதில் பிரசித்தி பெற்ற டாக்டர் ஸோமர்வெல் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1922-இல் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன், பிராணவாயுக் குழாயின் துணையின்றி, எவரெஸ்ட்டின் சரிவில் 26,985 அடி வரை ஏறியவர் அவர். நெய்யூர்ப் பணியை ஏற்ற பின்னரும் 1924-இல் மீண்டும் சென்று ஏறத்தாழ 28,000 அடியைத் தொட்டுத் திரும்பியவர். மலையேறிய அந்த மனிதரின் சரீரத்தில் சிவப்பணுக்கள் பெருகி உதிரம் தடித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவர் மேஜைமேல் வந்து கிடந்த ஏழைகளிலோ, புண்ணிலிருந்து நாள்தோறும் கசிந்த இரத்தத்தாலும் கொக்கிப்புழுவாலும் உதிரம் நீர்த்து வெளிறிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

சிவப்பணு என்றால் பிராணவாயுவைச் சுமக்கும் கூலியாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். இரத்தம் உறைவதில் அதற்குப் பங்கேதும் இல்லை, வலைப்பின்னலில் தற்செயலாக அகப்பட்டுக்கொண்டது அது, என்றே வைத்தியர்களும் வெகுகாலம் எண்ணியிருந்தனர். உண்மை அவ்வாறில்லை. ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுவே திரண்டு செல்வதால், அவற்றினும் மிகச் சிறிய தட்டணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, சுவரில் கீறல் விழுந்த மாத்திரத்தில் அதை அடைக்க ஆயத்தமாக நிற்கின்றன. நடுவே திரளும் கூட்டம் குறைந்தால் ஓரத்துக்குத் தள்ளுவோரும் குறைவர். டியூக் என்ற அமெரிக்க வைத்தியர் 1910-இல் வகுத்த சோதனை எளியது: காது மடலில் ஒரு சிறு குத்து, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சுதாளால் ஒற்றியெடுக்க, தாளின்மேல் சிவந்த வட்டங்கள் ஒன்றினும் ஒன்று சிறுத்துக்கொண்டே வந்து, ஆரோக்கியமானவருக்கு இரண்டு மூன்று நிமிஷத்தில் மறைந்துபோகும். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தம் குன்றியவர்களுக்கு அவ்வட்டங்கள் மறைய நெடுநேரம் ஆவதையும், சிவப்பணுக்களை ஏற்றி அவற்றின் பங்கை நூற்றுக்கு முப்பதளவுக்கு உயர்த்தினால் அந்நேரம் சுருங்கிவிடுவதையும் பிற்காலத்தவர் கண்டனர்.

மிகுதியும் ஆகாது. 1890-இல் பெரு நாட்டு மலைகளுக்குச் சென்ற வியோ என்ற பிரெஞ்சுக்காரர் தம் இரத்தத்தையே எண்ணிப் பார்த்தார்; கன மில்லிமீட்டருக்கு ஐம்பது லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் சில வாரங்களில் எழுபது லட்சத்தைத் தாண்டியிருந்தன. இமயத்தின் உயரங்களில் இந்தப் பெருக்கம் உயிரோடு விளையாடுவது. 1953-இல் கே-2 சிகரத்தில் புயலால் நாள்கணக்காகக் கூடாரத்தில் அடைபட்டிருந்த கில்கி என்ற அமெரிக்க இளைஞரின் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்து நாளங்கள் அடைபட்டன. உடனிருந்த டாக்டர் ஹூஸ்டன், உறைந்த துண்டு நுரையீரலுக்கு ஏறிவிடுமோ என்று அஞ்சிக் கீழே இறக்க முயன்றும், வழியில் அவர் பனிச்சரிவில் மறைந்தார். இதற்கெல்லாம் காரணம் நீர் வற்றியதும் கால் அசையாமையுமே, சிவப்பணுவைக் குற்றஞ்சாட்டலாகாது என்போரும் உளர். அது அவர்கள் கட்சி.

எண்ணிக்கையைக் காட்டிலும் குணம் முக்கியம். 7 அல்லது 8 மைக்ரான் அகலமுள்ள இந்த அணு, தன்னிற் பாதியளவே அகலமுள்ள நுண்குழாய்க்குள்ளும் வளைந்து நுழைந்துவிடும். அந்த மென்மை போய் விறைத்தால் ஓட்டம் தடைபடும். நீலகிரிப் பழங்குடியினரிடம் கதிர் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் உண்டென்பது 1952-இல் வெளியாயிற்று. அவ்வணுவின் தோலின் உட்புறம் மறைந்திருக்கவேண்டிய ஒருவகைக் கொழுப்பு வெளிப்புறம் திரும்பிவிடுவதும், உறையச் செய்யும் புரதங்களுக்கு அதுவே மேடையாவதும் பின்னர் தெளிந்தன. மண்ணீரலை அகற்றிய தலசீமியா நோயாளிக்கும் இதே அபாயம் உண்டு.

ஆயினும் என்னை உறுத்துவது மலையுமன்று, அபூர்வ வியாதியுமன்று. பிள்ளை பெற்றுக் கிடக்கும் நம் வீட்டுப் பெண்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்தம் நீர்த்தவளுக்கு அது உறைவானேன் என்று கேட்கலாம். இரும்புச் சத்துக் குன்றிய சிவப்பணு சிறுத்து, வளையும் தன்மையையும் ஓரளவு இழக்கிறது. அதே குறையால் தட்டணுக்கள் பெருகுவதும் உண்டு. கருவுற்ற காலத்தில், பிரசவத்தின் இரத்தப்போக்கை அடக்குவதற்காக, உறைபுரதங்களை உடலே கூட்டி வைத்திருக்கிறது. இத்தனைக்கும் மேல் பத்தியம் என்ற பெயரில் நாம் தண்ணீரை நிறுத்துகிறோம். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் அரை டம்ளர், காரக்குழம்பு ஊற்றிய சோறு ஒரு கை, 'தண்ணி குடிச்சா வயிறு பெருத்துப்போகும்' என்ற எச்சரிக்கை. கோடை வெக்கையில் கதவைச் சாத்தியும் வைத்துவிடுகிறோம். மருந்துப் பொடியும் ஓய்வும் தாய்க்கு நல்லவையே என்று பாட்டிமார் சொல்வதை நான் மறுக்கவில்லை. தண்ணீரை மறுப்பதற்கு மட்டும் ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

பிரசவத்தை அடுத்த வாரங்களில் மூளையின் சிரைகளில் இரத்தம் உறையும் வியாதி இந்நாட்டில் மிகுதி என்பது நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. தலைவலியில் தொடங்கி, நாளுக்கு நாள் கூடி, வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து, ஒருநாள் வலிப்பில் வந்து நிற்கும். முதுகில் போட்ட மயக்க ஊசியின் வலி என்றோ, நீர் கோத்துக்கொண்டது என்றோ, தூக்கம் கெட்டதனால் என்றோ அந்தத் தலைவலியைத் தள்ளிவிடுவது வீடுகளில் சகஜம். சிரைகளைக் காட்டும் ஸ்கேன் எடுத்தால் அடைப்பு தெரிந்துவிடும்; தெரிந்தபின் ஹெப்பாரின் என்ற உறைவெதிர் மருந்தை ஊசி வழியே செலுத்துகிறார்கள். அடைபட்ட சிரைக்குப் பின்னே அழுத்தம் ஏறி மூளையில் சிறிது இரத்தம் கசிந்திருந்தாலும், அதற்காக அம்மருந்தை அவர்கள் நிறுத்துவதில்லை.